வெளிநாட்டுக் கல்லூரியில் மொழியும் பழக்கமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்கோட்டில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, பொறியியல் படித்து, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பிய நான் இப்போது தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கற்பிக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விசாவுக்கும் வங்கிக் கடனுக்கும் வழி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வகுப்பறையில் போய் உட்கார்ந்த பிறகு வரும் திகைப்பைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் அறிந்தது அமெரிக்கா என்பதால் சட்டம் பற்றிய விடைகள் அந்நாட்டுக்கு மட்டுமே உரியவை. மற்றவை பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா செல்வோருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஒன்பதுக்கு 6.5 வாங்கிவிட்டேன். வகுப்பில் பாடம் புரியுமா?

முதல் சில வாரங்கள் முழுமையாகப் புரியாது. அது உங்கள் குறை அன்று. அந்தத் தேர்வின் கேட்டல் பகுதி ஏறக்குறைய 30 நிமிடங்கள். பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள். இரண்டிலும் பேசுபவர் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே தெளிவாகப் பேசுகிறார். பேராசிரியரோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, பலகையைப் பார்த்தபடி, சொற்களை ஒன்றோடொன்று இழைத்து, நடுவே உள்ளூர் விளையாட்டையும் அரசியலையும் உவமை காட்டிப் பேசுவார். மாணவர்கள் சிரிப்பார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எனக்கு உதவிய வழி ஒன்றுதான். வகுப்புக்கு முந்தைய இரவே அன்றைய பாடப்பகுதியைப் படித்துவிட்டுச் செல்வேன். பொருள் ஏற்கெனவே தெரிந்திருந்தால் காது சொற்களை மட்டும் தேடிக்கொண்டால் போதும். பொருளையும் சொல்லையும் ஒரே நேரத்தில் துரத்துகிறவர் இரண்டையும் தவறவிடுவார். வகுப்பின் ஒலிப்பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். நீங்களே பதிவு செய்வதானால் பேராசிரியரின் அனுமதி பெறாமல் செய்யாதீர்கள்.

என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களா?

சிலர் சிரிக்கக்கூடும், பெரும்பாலானோர் "மறுபடியும் சொல்லுங்கள்" என்றுதான் கேட்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதான் பெரிய இழப்பு.

தமிழ் பேசுவோருக்கு எங்கே தடுமாற்றம் வரும் என்பதை அறிந்துகொண்டால் திருத்துவது எளிது. நம் எழுத்தில் 'பின்' என்று எழுதினால் அது குண்டூசியையும் குறிக்கலாம், குப்பைத்தொட்டியையும் குறிக்கலாம்; வல்லினத்தின் இரு ஒலிகளுக்கும் நமக்கு ஒரே எழுத்து. குடிக்கிற காபியும் நகல் எடுக்கிற காப்பியும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பேச்சுத் தமிழில் எட்டை 'யெட்டு' என்பது போல, எகரத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு முன் ஒரு யகரத்தையும், ஒகரத்துக்கு முன் ஒரு வகரத்தையும் நம்மை அறியாமல் சேர்த்துவிடுகிறோம். ஆயினும் இவற்றையெல்லாம்விட அதிகம் குழப்புவது அழுத்தம் இடும் இடம். நாம் 'ஹோட்டல்' என்பதில் முதல் அசையை அழுத்துகிறோம். அவர்கள் இறுதி அசையை அழுத்துகிறார்கள். தமிழில் அசைகள் ஏறத்தாழ ஒரே சீராக நடப்பவை. ஆங்கிலத்தில் ஓர் அசை எழும்பி மற்றவை அமுங்கும். ஆகவே வேகத்தைக் குறையுங்கள். உங்கள் பாடத்துறையில் அன்றாடம் வரும் சொற்களில் ஒரு நூற்றைத் தேர்ந்து அவற்றின் அழுத்தத்தை மட்டும் பழகுங்கள். அமெரிக்கரைப் போலப் பேச முயல வேண்டாம். புரியும்படி பேசினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் இன்னொரு மொழியும் பெங்களூரு பேருந்தில் மூன்றாவது மொழியும் பேசி வளர்கிறார்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ பிழையாகப் பேசினால் அவர்கள் கூசுவதில்லை. காரியம் நடந்தால் சரி என்று போய்விடுகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் கூச்சம் வருவதற்குக் காரணம், அதை நாம் மதிப்பெண் போடும் பாடமாகக் கற்றோம் என்பதே. சந்தையில் தெலுங்கு பேசும் அதே மனத்தோடு ஆங்கிலத்தைப் பேசுங்கள்.

வகுப்பில் அமைதியாக இருப்பது நல்ல பழக்கம்தானே? அதற்குக்கூட மதிப்பெண் குறைப்பார்களா?

குறைப்பார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் பள்ளிகளில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பவன் நல்ல மாணவன். ஆசிரியர் கேட்டால் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். கேட்காமல் பேசினால் அது அதிகப்பிரசங்கித்தனம். ஆசிரியர் சொன்னதில் ஐயம் இருந்தாலும் எல்லோர் முன்னும் கேட்பது அவரை மடக்குவதாகும் என்று அடங்கிவிடுகிறோம். அடக்கம் என்ற சொல்லையே நாம் பண்புக்குப் பெயராக வைத்திருக்கிறோம். அங்கே அதே அமைதிக்குப் பொருள் வேறு. இந்த மாணவர் படித்துவிட்டு வரவில்லை, அல்லது இவருக்கு ஆர்வம் இல்லை, அல்லது இவருக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் மரியாதை செலுத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் உங்களை வராதவராகக் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார்.

பருவத் தொடக்கத்தில் பேராசிரியர் கொடுக்கும் சிலபஸைப் படியுங்கள். இங்கே சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல். அங்கே எந்த வேலைக்கு எத்தனை சதவீதம், தாமதமானால் என்ன தண்டனை, வகுப்பில் பங்கேற்பதற்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நான் படித்த ஒரு பாடத்தில் பங்கேற்புக்கு 15 சதவீதம் இருந்தது. தேர்வுகளில் நன்றாக எழுதியும் அந்தப் பாடத்தில் என் தரம் ஒரு படி இறங்கியது. காரணம் கேட்டபோது, "நீங்கள் வகுப்பில் இருந்தீர்களா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்றார் அந்தப் பேராசிரியர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. சீனா, வியட்நாம், கொரியா, ஜப்பான் நாட்டு மாணவர்களில் பலரும் இப்படித்தான் அமர்ந்திருப்பார்கள்; ஆசிரியரை எதிர்த்துப் பேசாமையை நற்பண்பாகப் பயின்று வந்தவர்கள் அவர்களும். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த 11,26,690 அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர் 3,31,602 பேர், சீனர் 2,77,398 பேர். ஆக, பாதிக்கும் மேற்பட்டோர் இவ்விரு நாடுகளிலிருந்து சென்றவர்கள்.

தொடங்குவதற்கு எளிய முறை இது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் பத்து நிமிடங்களுக்குள் அதைக் கேட்டுவிடுங்கள்; நேரம் கடக்கக் கடக்கத் துணிவு குறையும். கருத்து சொல்ல வராவிட்டாலும் "அந்தச் சான்றை மறுபடியும் விளக்க முடியுமா?" என்று கேட்டாலே அது பங்கேற்புதான்.

பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமாமே? எனக்கு வாய் வராது.

வராவிட்டால் அழைக்க வேண்டாம். 'புரொஃபசர்' என்பதோடு அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்து அழைப்பது எங்கும் தவறாகாது. அவரே பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் சில வாரங்களில் பழகிவிடும். 'சார்' என்று மட்டும் அழைப்பது அங்கே கடைக்காரர் வாடிக்கையாளரை அழைப்பது போல ஒலிக்கும்.

'ஆபீஸ் அவர்ஸ்' என்று வாரத்தில் சில மணி நேரத்தை ஒவ்வொரு பேராசிரியரும் ஒதுக்கியிருப்பார். அது அவருடைய அலுவலக நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்து முதல் பருவம் முழுவதும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மாணவர்கள் வந்து கேட்பதற்காகவே அவர் அங்கே காத்திருக்கிறார். வகுப்பில் பேசக் கூச்சமுள்ளவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

நான் மரியாதையாகத்தான் பேசுகிறேன். ஆனாலும் அதட்டுவது போல இருக்கிறது என்கிறார்கள். ஏன்?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'கொடு' என்பதைக் 'கொடுங்க' என்று சொல்லிவிட்டால் போதும். தனியாகத் தயவு கேட்க வேண்டியதில்லை. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'கொடுங்க' என்று மனத்தில் நினைத்து 'கிவ் மீ' என்று சொல்லும்போது உங்கள் 'ங்க' வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கேட்பவர் காதில் 'கொடு' மட்டுமே விழுகிறது. ஆங்கிலத்தில் அந்த மரியாதையைக் கேள்வி வடிவம் சுமக்கிறது. "இதைத் தர முடியுமா?" என்ற அமைப்பில் கேட்டுப் பழகுங்கள், மின்னஞ்சலிலும் அப்படியே எழுதுங்கள்.

நன்றி சொல்வதும் இதைப் போன்றதே. சோறு போட்ட அம்மாவுக்கு நன்றி சொன்னால் நம் வீட்டில் அது அந்நியமாகத் தோன்றும். அங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் சொல்கிறார்கள், சொல்லாதவர் கவனிக்கப்படுவார். எதிரே வருபவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டபடியே கடந்து போனால் அது வணக்கம் மட்டுமே, நின்று நலம் சொல்லத் தேவையில்லை. ஆம் என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு விளங்காது, வாயால் சொல்லிவிடுங்கள்.

இங்கே நாம் பேசும் ஆங்கிலச் சொற்கள் அங்கே வேறு பொருள் தருமா?

சில சொற்கள் தரும். பேராசிரியரிடம் 'எனக்கு ஒரு டவுட்' என்றால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற சாயல் அதில் வரும். 'கேள்வி' என்றே சொல்லுங்கள். கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றால் மயங்கி விழுந்தேன் என்று பொருள். 'அரியர்' என்பது செலுத்தப்படாத பாக்கித் தொகையைக் குறிக்கும். தேர்வில் தங்கிய பாடத்தைக் குறிக்காது. 'டியூஷன்' என்பது கல்விக் கட்டணம். 'ஸ்டாஃப்' என்றால் அலுவலகப் பணியாளர், ஆசிரியர் அல்லர். 'பேப்பர்' எழுதச் சொன்னால் அது கட்டுரை. பல்கலைக்கழகத்தையே 'ஸ்கூல்' என்பார்கள். அழிப்பானை 'ரப்பர்' என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் அச்சொல் ஆணுறையைக் குறிக்கும்.

என் பெயருக்கு முன் இனிஷியல் மட்டுமே உள்ளது. குடும்பப் பெயர் இல்லை. சிக்கல் வருமா?

வரும், கவனிக்காவிட்டால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்று எழுத்துகளையே பெயராக எண்ணி வருகைப் பதிவேட்டில் உங்களை அழைப்பவர்களும் உண்டு.

இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவது நம் ஊரில் வழக்கமான தீர்வு. நானும் அப்படித்தான் செய்தேன். விளைவு, முதல் பருவத்தில் பலரும் என்னை என் தந்தையின் பெயரால் அழைத்தார்கள். வீட்டில் அம்மாகூட உச்சரிக்காத பெயரை இருபது வயது மாணவர்கள் வகுப்பில் கூப்பிட்டபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. பல பல்கலைக்கழகங்களில் நீங்கள் அழைக்கப்பட விரும்பும் பெயரைத் தனியாகப் பதிவு செய்ய இடம் உண்டு. முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிடுங்கள். விண்ணப்பம், தேர்வுச் சான்று, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே வடிவில் இருக்கட்டும். பெயரைச் சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு முறை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள்.

புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் தவறா? நண்பரிடம் அசைன்மென்ட் வாங்கிப் பார்த்து எழுதலாமா?

இரண்டும் அங்கே குற்றம். ஒரு பாடத்தில் தோல்வி முதல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம் வரை அதற்குத் தண்டனை உண்டு.

இதை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதன்று. இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் விடைகளை நோட்ஸில் உள்ளபடி வரி பிசகாமல் எழுதியவரையே நாம் பாராட்டி வளர்த்தோம். சொந்த நடையில் எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்தது. பெரியவர்கள் சொன்னதை மாற்றாமல் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றும் நினைத்தோம். அங்கே ஒருவருடைய வாக்கியத்தை மேற்கோள் குறியும் அவர் பெயரும் இல்லாமல் எழுதுவது அவருடைய உழைப்பை எடுத்துக்கொள்வதாகும். சில சொற்களை மட்டும் மாற்றி எழுதினாலும் அப்படியே. சமர்ப்பிக்கும் கட்டுரைகளை டர்னிட்டின் போன்ற மென்பொருள் பழைய நூல்களோடும் பிற மாணவர்களின் கட்டுரைகளோடும் ஒப்பிட்டுக் காட்டிவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். சிலபஸில் இல்லையென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நண்பருக்குத் தன் விடையைக் கொடுப்பது இங்கே நட்பு, மறுப்பவர் கருமி. அங்கே கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்தே தண்டிக்கப்படுவார்கள். ஒரே அறையில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பையன்கள் இருவர் இதில் சிக்கிக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். கொடுத்தவர் கடைசிவரை தான் செய்த தவறு என்னவென்று விளங்காமலே இருந்தார். அந்த முகத்தை நினைத்துத்தான் இந்த விடையை நீட்டி எழுதுகிறேன். கட்டுரையைச் செப்பம் செய்ய உதவி வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் 'ரைட்டிங் சென்டர்' இருக்கிறது. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அங்கே உங்களுக்காக எழுதித் தர மாட்டார்கள். உங்கள் எழுத்தைப் படித்து எங்கே புரியவில்லை என்று சொல்வார்கள்.

ஆங்கிலம் கடினமாக இருப்பதால் ஒரு பாடத்தைக் கைவிடலாமா?

எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர அளவுக்குப் பாடம் எடுத்தாக வேண்டும். பாடச் சுமையை அங்கே கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள்; இளநிலையில் அது பொதுவாகப் பருவத்துக்கு 12 கிரெடிட். ஆனால் ஆங்கிலத்தில் தொடக்கநிலை இடர்ப்பாடு, வாசிப்புச் சுமை, அமெரிக்கக் கற்பித்தல் முறையோடு பழக்கமின்மை ஆகியவற்றை அந்நாட்டுச் சட்டமே காரணங்களாக ஏற்கிறது. அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியோடு, முழு அளவில் பாதிக்குக் குறையாமல், ஒரு பருவத்துக்குச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்த பருவத்தில் முழு அளவுக்குத் திரும்ப வேண்டும். அனுமதி பெறுமுன் பாடத்தை விட்டுவிட்டால் விசா நிலையே பறிபோகும். எனவே முதலில் அந்த அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

தமிழர்களோடு மட்டும் தங்கினால் ஆங்கிலம் வராது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஊர்ப் பேச்சும் ஊர்ச் சமையலும் இல்லாமல் முதல் குளிர்காலத்தைக் கடப்பது கடினம். தமிழர்களோடு தங்குவதில் பிழையில்லை. படிப்புக் குழுவை மட்டும் வேறாக அமைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆங்கிலம் சரளமானது அமெரிக்கர்களோடு பேசியதால் அன்று. ஒரு வியட்நாம் மாணவரோடும் ஒரு சீன மாணவியோடும் சேர்ந்து கணக்குகளைப் போட்டதால்தான். மூவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி என்பதால் மூவரும் நிதானமாகப் பேசினோம், பிழைக்கு அஞ்சவில்லை.

சாதி அங்கேயும் கேட்கப்படுமா?

நேராகக் கேட்க மாட்டார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, அசைவம் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்கும் நம்மவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். விடை சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மாசசூசெட்ஸில் உள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இலும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. 2023-இல் சியாட்டில் நகரம் சட்டமே இயற்றியது. உங்கள் பல்கலைக்கழகத்தில் சாதி என்ற சொல் விதியில் இல்லாவிட்டாலும், பிறப்பால் ஒதுக்கப்பட்டதாக முறையிட அலுவலகம் உண்டு. இங்கிருந்து புறப்படும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள்.

உணவு?

களி கிண்டக் கேழ்வரகு மாவு இந்தியக் கடைகளில் கிடைக்கும். சைவ உணவு உண்பவர்கள் கறிச்சாறு, ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலே சைவம் என்று நினைப்பவர்கள் அங்கே உண்டு.

பெற்றோர் கேட்பது: மகனின் மதிப்பெண்ணைத் துறைத் தலைவரிடம் போன் செய்து கேட்கலாமா?

கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் பொதுவாக அவருடைய ஒப்புதல் இல்லாமல் பெற்றோருக்குத் தரப்படுவதில்லை. கட்டணம் கட்டிய நமக்கு இது நெஞ்சை உறுத்தும். புறப்படும் முன்பே, பருவ முடிவில் தரப் பட்டியலைத் தானே அனுப்புவதாக மகனோடு பேசி வைத்துக்கொள்வதே வழி.

பெற்றோர் கேட்பது: மகள் போனில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறேன் என்கிறாள். என்ன செய்வது?

கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரிடம் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகள் மறைப்பார்கள். நானும் மறைத்தேன். "மார்க் என்ன, வேலை கிடைக்குமா" என்று தொடங்கும் பேச்சில் அவர்களால் வேறொன்றும் சொல்ல முடியாது. நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். கோடையில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 9 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. உங்களுக்கு ஓய்வான மாலை வேளை அவளுக்கு வகுப்பு நேரம்.

உறக்கம் கெட்டிருப்பதாகவோ, வகுப்புக்குப் போகவில்லை என்றோ தெரிந்தால், பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குச் செல்லச் சொல்லுங்கள். அங்கே பேசுவது பேராசிரியருக்கோ பெற்றோருக்கோ போகாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் விலக்கு. மனநல ஆலோசனைக்குப் போனால் பைத்தியம் என்று பெயர் வரும் என்ற நம் ஊர் அச்சத்தை நீங்களே முதலில் கைவிட்டு, "போய்ப் பேசிவிட்டு வா அம்மா" என்று உங்கள் வாயால் சொன்னால்தான் அவள் போவாள். அமெரிக்காவில் நெருக்கடி நேரத்தில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இங்கே கவலையில் தவிக்கும் பெற்றோருக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.